அடிமேல் அடி

நடக்கும்போது கால் தரையைவிட்டு எவ்வளவு உயரம் எழுகிறது என்று கேட்டால் பலரும் அரைச் சாண் என்பார்கள். குதிகால் அந்த அளவுக்கு எழுவது உண்மைதான். ஆனால் பின்னங்கால் முன்னே வீசி வரும்போது, பாதி வழியில், கட்டைவிரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்தான். பாதம் மிக வேகமாகப் பாய்கிற கணமும் ஏறக்குறைய அதுவே. தரை மட்டமாகத்தான் இருக்கும் என்று மூளை நம்பிவிட்டது. அதற்கு மேல் காலைத் தூக்குவது வீண் செலவு என்று கணக்கும் போட்டுவிட்டது.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். சூலியா தெருவிலோ மார்க்கெட் தெருவிலோ கடைவீடுகளை ஒட்டி ஓடும் ஐந்தடி நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். முதல் வீட்டு வாசலில் சிவப்புச் சுட்ட ஓடு, காலில் சொரசொரக்கும். அடுத்ததில் பூப்போட்ட சிமெண்ட் ஓடு. நூறு ஆண்டுத் தேய்மானத்தில் வழவழப்பாகி, மழைநாளில் வழுக்கும். அதற்கடுத்த வீட்டுக்காரர் புதிதாகத் தளம் போட்டு இரண்டு விரற்கடை உயர்த்தியிருப்பார். நான்காவது வீட்டில் ஒரு முழுப்படி இறக்கம். நடுவில் நிறுத்திய மோட்டார் சைக்கிள், சீனர் வீட்டு வாசலில் ஊதுபத்தி புகையும் சின்னச் சாமிமாடம், பூக்கடை வாளியிலிருந்து வழிந்த தண்ணீர். கைபேசியைப் பார்த்தபடி வருகிறவர்களைக் கண்டால் பூக்கட்டும் அம்மா, மல்லிகைச் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "பார்த்து வாங்க, படி இருக்கு" என்கிறார். அவர் அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாரோ.

இந்த மேடு பள்ளத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1822-இல் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைவழி இடைவிடாமல் ஓட வேண்டும் என்று விதித்தார். ராஃபிள்ஸ் அதற்கு முன்பு பினாங்கில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். அந்த ஏற்பாடு பிறகு மலாயா நகரங்களுக்கெல்லாம் பரவியது. மலாய்க்காரர்கள் இதைக் காக்கி லீமா என்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் மேலே கூரை பொது. கீழே தரை மட்டும் அவரவர் இஷ்டம். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதனால் கட்டடங்கள் காப்பாற்றப்படுகின்றன. ஓட்டைப் பிரித்துச் சமன்செய்ய யாரும் வரப்போவதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

*

நடையைப் பற்றிய அறிவியலில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, நடப்பதற்கு மனம் தேவையே இல்லை என்பது. 1911-இல் தாமஸ் கிரஹாம் பிரவுன் பூனைகளின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்துச் சோதித்தார். கால்களிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்புகளையும் வெட்டிவிட்டார். அப்படியும் பின்னங்கால் தசைகள் மாறி மாறிச் சுருங்கின, நடப்பதுபோலவே. நடையின் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. 1966-இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி மூவரும் பூனையின் நடுமூளையில் ஒரு சிறு பகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டியபோது ஓட்டநடை போட்டது. இன்னும் கூட்டியபோது பாய்ந்தது. 1998-இல் திமித்ரியெவிச் குழுவினர், தண்டுவடம் முற்றிலும் அறுந்த மனிதர்களின் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தைத் தூண்டி, படுத்திருந்தவர்களின் கால்களில் நடைபோன்ற அசைவை வரவழைத்தார்கள்.

ஆக, மேலிருந்து வருவது 'நட' என்ற உத்தரவு மட்டும். எந்தத் தசை எப்போது என்பதைக் கீழே உள்ளவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வேலையில்லாமல் நிற்கும் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியாக நாளின் ஏதேதோ நேரங்களில் 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா' என்று கேட்டார்கள். ஏறத்தாழ 47 விழுக்காடு நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைகிற நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது.

இன்னொன்றும் நடக்கிறது. பாதத்தில் உணர்வு இருந்தும் நமக்கு அது தெரிவதில்லை. உள்ளங்காலின் தோலில் அழுத்தத்தையும் அதிர்வையும் தோலின் இழுபடலையும் பிடிக்கும் ஏற்பிகள் உள்ளன. 2002-இல் கென்னடி, இங்லிஸ் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள், மெல்லிய ஊசி மின்முனையை நரம்பில் செருகி, அப்படிப்பட்ட 104 ஏற்பிகளைத் தனித்தனியாக இனம் கண்டார்கள். பாதத்தில் எடை இல்லாதபோது அவை மௌனமாக இருந்தன. கால் தரையில் படும்போதுதான் அவற்றின் செய்தி கிளம்புகிறது; ஒரு வினாடியில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்தில் மூளைப் புறணியை எட்டிவிடுகிறது. எட்டியும் நம் காதில் விழுவதில்லை. காரணம், சிறுமூளை முந்திக்கொண்டு, 'இப்போது இந்த உணர்வு வரப்போகிறது' என்று அறிவித்துவிடுகிறது. எதிர்பார்த்தபடியே வந்த செய்தியை மூளை அமுக்கிவிடும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம் என்று 1998-இல் சாரா பிளேக்மோரும் சகாக்களும் காட்டினார்கள்.

கணிப்பு தவறும்போதுதான் மூளை திடுக்கிட்டுப் பார்க்கிறது. கொம்தார் கோபுரத்தில் ஓடாமல் நிற்கும் மின்படிக்கட்டில் ஏறியிருக்கிறீர்களா? நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அறிவுக்கும் தெரியும். ஆனாலும் முதல் படியில் உடம்பு முன்னே சாயும், ஒரு தள்ளாட்டம் வரும். ஓடும் படிக்கட்டைக் கணித்து வைத்திருக்கும் பகுதி நம் அறிவைக் கேட்டு நடப்பதில்லை. லண்டனில் ரெய்னால்ட்ஸ், பிரான்ஸ்டைன் இருவரும் 2003-இல் ஆய்வுக்கூடத்திலேயே நகரும் தள்ளுமேடை வைத்து இந்தத் தள்ளாட்டத்தை வரவழைத்து அளந்தார்கள்.

இங்கிருந்துதான் கவன நடையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 'நிகழ்கணத்தில் இருங்கள்' என்று அறிவுரை சொல்வது எளிது. ஆனால் கணிப்பு பலித்துக்கொண்டே இருக்கும் வரை மூளைக்கு நிகழ்கணத்தில் பார்க்க எதுவும் இல்லை. கவனத்தோடு நடக்க மனிதர்கள் கண்டுபிடித்த முறைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதாவது ஒரு வழியில் அவை அந்தக் கணிப்பைக் கெடுத்துவைக்கும் உபாயங்களாக இருப்பது தெரியும். பினாங்கில் அவற்றில் மூன்றை ஒரே பகலில் பார்த்துவிடலாம்.

*

முதலாவது, மெதுவாக்குவது. ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் மலேசிய பௌத்தத் தியான நிலையம் இருக்கிறது. அங்கே கற்றுத்தருவது பர்மாவின் மகாசி சயாடோ (1904–1982) வகுத்த விபாசனா முறை. பினாங்குக்கும் பர்மாவுக்கும் உறவு பழையது. புலாவ் திக்குஸ் பகுதியின் பர்மா சந்தில் உள்ள தம்மிகாராமா கோயில் 1803-இல் தொடங்கியது. ஆனால் மகாசி முறை இருபதாம் நூற்றாண்டின் சரக்கு. 1949-இல் பிரதமர் ஊ நூவின் அழைப்பின்பேரில் மகாசி ரங்கூனுக்கு வந்து, துறவிகளுக்கு மட்டுமல்லாமல் குடும்பஸ்தர்களுக்கும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். உட்காருவதற்கு இணையாக நடப்பதற்கும் இடம் கொடுத்தது இந்த முறையின் சிறப்பு. பயிற்சி நாட்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்து ஒரு மணி நேரம் நடை என்று மாறி மாறி வரும்.

நடை என்றதும் காலை உலா என்று எண்ணிவிட வேண்டாம். சில கஜ நீளமுள்ள நேர்கோட்டில் போய், நின்று, திரும்பி, வர வேண்டும். தொடக்கத்தில் 'இடது, வலது' என்று மனதுக்குள் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வோர் அடியும் 'தூக்குதல், வைத்தல்' என இரண்டாகும். அதன் பிறகு 'தூக்குதல், நகர்த்துதல், வைத்தல்'. தேர்ந்தவர்கள் ஆறு கட்டம் வரை பிரிப்பார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு, பத்துப் பேர் அறுவை சிகிச்சை முடிந்து நடைபழகுவதுபோல இருக்கும்.

இயற்பியல் கண்ணால் பார்த்தால் இது வேறு. சாதாரண வேகத்தில் நடக்கும்போது உடல், ஊன்றிய காலின்மேல் தலைகீழ் ஊசலைப்போல ஆடிச் செல்கிறது. எழும்பும்போது சேமித்த ஆற்றலில் பெரும்பங்கு இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. விழத் தொடங்கும் உடலை அடுத்த கால் வந்து பிடித்துக்கொள்கிறது. இயல்பான நடையில் ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் அரை வினாடிக்கும் குறைவு. வேகத்தை மிகவும் குறைத்தால் ஊசலின் உதவி போய்விடும். ஒற்றைக்காலில் இரண்டு மூன்று வினாடி நிற்க வேண்டும். கணுக்கால் இடமும் வலமும் துடிக்கும். சுண்டுவிரல் தரையைப் பற்றும். தண்டுவடத்தின் பழக்கப்பட்ட தாளத்துக்குள் இவ்வளவு மெதுவான நடைக்கு இடமில்லை. தசைகளும் உள்ளங்காலும் அனுப்பும் செய்தி, கணித்ததோடு பொருந்தாமல் வந்துகொண்டே இருக்கும். கவனிக்க ஏராளமாகக் கிடைக்கிறது. மெதுவாக நடந்தால் மனம் அமைதியாகும் என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் மனத்துக்குக் கைநிறைய வேலை கிடைக்கிறது என்பதுதான் சரி.

நம் கோயில்களில் இதன் உறவினர் ஒருவர் உண்டு: அடிப்பிரதட்சிணம். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் தொட்டு வைத்து, அடிமேல் அடியாகப் பிரகாரத்தைச் சுற்றி வருவது. நேர்ந்துகொண்ட பெண்கள் உதடு அசைய, பார்வையைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நரம்பியல் மருத்துவர் சிறுமூளை சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, 'கோட்டுமேல குதிகாலும் விரலும் ஒட்ட நடங்க' என்று சொல்லும் சோதனையும் அசைவளவில் இதே. நிற்கும் அகலத்தை ஒரு பாதத்தின் அகலத்துக்குச் சுருக்கிவிட்டால் பராக்குப் பார்த்துக்கொண்டு நடக்க முடியாது. வேண்டுதலை இப்படி அமைத்தவருக்குச் சிறுமூளை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

*

இரண்டாவது உபாயம் தலையில் சுமை. தைப்பூசத்துக்கு முந்திய நாள் காலை, பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 2017-இலிருந்து குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. 1833-இல் எழுந்த அந்தக் கோயில்தான் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். வழியெல்லாம் தேங்காய் உடைத்து, இளநீரும் ஓட்டுச் சில்லும் தெருவில் பரவிக் கிடக்கும். மறுநாள் பால்குடமும் காவடியும் தண்ணீர்மலையை நோக்கிப் போகும். அங்கே மலைமேல் 2012-இல் எழுப்பிய பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் படிகள் 513. பெரும்பாலோர் வெறுங்காலில்.

பால்குடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு பாத்திரத்திலுள்ள திரவத்துக்கு, அதன் அகலத்தைப் பொறுத்து, இயல்பாகத் ததும்பும் ஒரு வேகம் உண்டு. 2012-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் மேயர், கிரெச்செட்னிகோவ் இருவரும் காப்பிக் கோப்பையோடு நடப்பதை ஆராய்ந்தார்கள். கோப்பையின் ததும்பல் வேகமும் நம் நடையின் தாளமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் காப்பி சிந்துகிறது. அந்த ஆண்டு அவர்களுக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது; சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருவது அது. அதே கணக்கை ஒரு குடத்துக்குப் போட்டுப் பாருங்கள். பால் மட்டத்தில் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் ததும்பல் வினாடிக்கு இரண்டு முறைக்குச் சற்றே மேல். மனிதர் நடப்பது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி. சிந்துவதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது! குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டுவதில் சடங்கு ஒரு பாதி, அனுபவ அறிவு மறுபாதி என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. கோப்பையைக் கவனித்து நடந்தவர்கள், கவனிக்காமல் நடந்தவர்களைவிட அதிக தூரம் சிந்தாமல் போனார்கள். கவனம் நடையின் துள்ளலைத் தணித்துவிடுகிறது. பால்குடம் எடுப்பவர் குடத்தைப் பார்க்கவும் முடியாது. அது தலைக்கு மேலே இருக்கிறது. கழுத்திலும் கைகளிலும் உணரும் ததும்பலை வைத்தே அடுத்த அடியை மென்மையாக வைக்க வேண்டும். சுற்றிலும் உறுமி மேளம், தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கி, மோர் நீட்டும் கைகள். புத்தரின் உவமை ஒன்று இதற்கு நெருங்கி வரும். எண்ணெய் விளிம்பு தட்டும் பாத்திரத்தை ஒருவன் கூட்டத்தின் நடுவே சுமந்து போக வேண்டும். ஒரு பக்கம் நாட்டுப் பேரழகி ஆடுகிறாள். பின்னால் ஒருவன் உருவிய வாளோடு வருகிறான், ஒரு சொட்டு சிந்தினால் தலை போய்விடும். கவனம் அப்படி இருக்க வேண்டும் என்பது போதனை. பினாங்குச் சாலையில் வாள்தான் இல்லை.

வெறுங்காலுக்கு வருவோம். நாளும் செருப்பில்லாமல் நடப்பவர்களின் காலில் தோல் தடித்துப்போவதால் உணர்வு மழுங்கிவிடும் என்று நினைப்பதுண்டு. 2019-இல் ஹோலோவ்கா, லீபர்மன் குழு கென்யாவிலும் பாஸ்டனிலும் அளந்து பார்த்து, அப்படியில்லை என்று கண்டது. காய்ப்பு தோலைக் காக்கிறது. கீழே உள்ள ஏற்பிகளுக்குச் செய்தி போய்ச் சேர்வதை அது குறைப்பதில்லை. மெத்தென்ற காலணிதான் அதைக் குறைக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். நீண்டநாள் நீரிழிவு முதலில் தின்பது பாதத்தின் நரம்புகளைத்தான். தார்ச்சாலை சுடுவது, தேங்காய்ச் சில்லு கிழிப்பது இரண்டும் தெரியாமலே நடந்துவிட்டு, மறுநாள் புண்ணைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாதத்தைக் கவனிப்பது என்றால், நடந்து முடித்ததும் உட்கார்ந்து உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பது.

*

மூன்றாவது உபாயத்தை யாரும் உபாயம் என்று சொல்வதில்லை. அது ஐந்தடி நடைபாதையேதான். கரடுமுரடான நிலத்தில் நடப்பவர்களின் பார்வை எங்கே விழுகிறது என்று 2018-இல் மேதிஸ், யேட்ஸ், ஹேஹோ மூவரும் கண்ணசைவுக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். நிலம் மோசமாக ஆக ஆகப் பார்வை கீழே தாழ்ந்து, இரண்டு மூன்று அடிக்கு முன்னால் கால் வைக்கப்போகும் இடங்களிலேயே நின்றது. நேரக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை வினாடி. கால் இப்போது இருக்கும் இடத்தை அவர்கள் பார்க்கவில்லை. அதற்குள் அந்த அடி தீர்மானமாகிவிட்டது, மாற்ற முடியாது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கவன நடை என்றால் பாதத்தைக் கவனிப்பது என்று தியான நிலையம் சொல்கிறது. அசைவைப் பற்றிய அறிவியலோ நேர் எதிராகச் சொல்கிறது. 1998-இல் கேப்ரியல் வுல்ஃப், பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறியின்மேல் ஆட்களை ஏற்றி, ஒரு குழுவைத் தங்கள் பாதங்களை நினைக்கச் சொன்னார். இன்னொரு குழுவைப் பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரங்களை நினைக்கச் சொன்னார். இரண்டுக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதையே சொல்கின்றன: தன் உறுப்பைத் தானே மேற்பார்வை பார்த்தால் அசைவு இறுகிவிடும். முதியவர்களில், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒவ்வோர் அடியையும் கட்டுப்படுத்த முயல்பவர்களின் நடை விறைத்துப்போவதையும் காண்கிறோம்.

அப்படியானால் மகாசி சொன்னது தவறா? இல்லை என்பேன். இரண்டும் பேசுவது வெவ்வேறு கவனம். 'முழங்காலை இவ்வளவு மடக்கு, குதிகாலை முதலில் வை' என்று மேலிருந்து உத்தரவிடுவது ஒன்று. அடி வைத்த பிறகு 'குளிர்ச்சி, கடினம், அழுத்தம்' என்று வந்து சேர்வதைப் பெற்றுக்கொள்வது இன்னொன்று. முன்னது கீழுள்ளவர்களின் வேலையில் தலையிடுகிறது. பின்னது சிறுமூளை அமுக்கிவைத்த செய்தியை எடுத்துப் படிக்கிறது. அடி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, அதைக் கெடுக்க வழியில்லை. நடைத்தியானத்தில் தொடக்கநிலையாளர் தள்ளாடுவது பெரும்பாலும் முதல் வகைக் கவனத்தில் சிக்கிக்கொள்வதால்தான். ஆசிரியர்கள், 'காலை நடத்தாதீர்கள், நடப்பதை அறியுங்கள்' என்ற பொருள்பட ஏதாவது சொல்லித் திருத்துவார்கள். நரம்பியல் மொழியில் மாற்றினாலும் அந்தத் திருத்தம் செல்லும்.

முதல் வகைக் கவனத்தால் மட்டுமே நடந்த மனிதர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் இயன் வாட்டர்மன் 1971-இல், 19 வயதில், ஒரு தொற்றைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வையும் இழந்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் மட்டும் நன்றாக இருந்தன. கால் எங்கே இருக்கிறது என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். மருத்துவர்கள் நாற்காலிதான் கதி என்றார்கள். அவரோ ஒவ்வொரு தசையையும் நினைத்து நினைத்து இயக்கி, கண்ணால் சரிபார்த்து, மீண்டும் நடந்தார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். பலமாகத் தும்மினாலும் ஆபத்து. அவரைப் பற்றி மருத்துவர் ஜொனாதன் கோல் 1991-இல் ஒரு முழு நூலே எழுதினார். தினசரி நடை அவருக்கு மாரத்தான் என்பதைத் தலைப்பிலேயே வைத்தார். அவரைப்போல் இடைவிடாத கவனத்தோடு நடந்தவர் யாருமில்லை. அதில் அவருக்குக் கிடைத்தது அமைதியல்ல, களைப்பு.

*

சரி, இதனால் உடம்புக்கு என்ன பயன்? விற்பனையாளர்கள் சொல்வதைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம். 1979-இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்தவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். நடைத்தியானம் அதில் ஒரு பகுதி. அதன் பிறகு இந்தத் துறையில் ஆய்வுகள் குவிந்துவிட்டன. 2014-இல் மாதவ் கோயல் குழு 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒருசேர மதிப்பிட்டது. பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைகின்றன. தூக்கம், உடல் எடை போன்றவற்றில் சான்று மெலிது. மருந்தையோ உடற்பயிற்சியையோ இது மிஞ்சும் என்பதற்கும் சான்று இல்லை. இதைவிட நேர்மையான வாக்கியம் இத்துறையில் குறைவு.

நடையை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் சிறியவை. 2013-இல் பெர்லினில் மைக்கேல் டாய்ட் குழு, மன அழுத்தத்தில் இருந்த 74 பேரில் ஒரு பாதியினருக்கு நான்கு வாரம் கவன நடைப் பயிற்சி கொடுத்தது. பயிற்சிக்காகக் காத்திருந்த மறுபாதியைவிட அவர்களின் அழுத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் காத்திருப்பவர்களோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் நன்றாகத்தான் தெரியும்; வெளியே போய் நடந்ததே போதுமாக இருந்திருக்கலாம்.

அந்த ஓட்டையை அடைத்தவர்கள் பாங்காக்கின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தார். 2014-இல் வெளிவந்த ஆய்வில், மனச்சோர்வுள்ள முதியவர்கள் 45 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு சும்மா இருந்தது. ஒரு குழு வெறுமனே நடந்தது. ஒரு குழு பௌத்த நடைத்தியானமாக நடந்தது. 12 வாரம். நடந்த இரு குழுக்களுக்கும் உடல்வலு கூடியது. மனச்சோர்வு குறைந்தது தியானமாக நடந்தவர்களுக்கு மட்டும். 2016-இல் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 23 பேரை இதேபோல் நடக்கவைத்தார்கள், இந்த முறை நடைப்பொறியின்மேல். இரு குழுக்களும் ஒரே அளவு வேகமாக நடந்தன. ஒரு குழு மட்டும் கால் படும்போதெல்லாம் 'புத்', 'தா' என்று மாறி மாறிச் சொல்லி, பாதத்தில் கவனம் வைத்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை இருவருக்கும் இறங்கியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்த அழுத்தம், அழுத்த இயக்குநீரான கார்ட்டிசால் ஆகியவை கவனத்தோடு நடந்தவர்களுக்கே இறங்கின. ஆட்கள் குறைவு என்பதால் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று: இவர்கள் மெதுவாக நடக்கவில்லை. மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தார்கள். மனத்தைப் பிடித்து நிறுத்த மெதுநடை ஒரு வழிதான், ஒரே வழியல்ல.

மனம் அலைவதை முழுக்கக் குற்றமாகப் பார்க்கவும் வேண்டாம். 2014-இல் ஸ்டான்ஃபர்டில் ஒப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும், நடக்கும்போது புதிய யோசனைகள் கூடுதலாக வருவதைக் காட்டினார்கள், வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தால்கூட. எழுதுகிறவன் என்ற முறையில் அந்த அலைச்சலை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. காலையில் தாவரவியல் பூங்காவை மனம்போன போக்கில் சுற்றிவிட்டு, சூலியா தெருவுக்கு வந்ததும் கவனத்துக்கு மாறிக்கொள்வேன். படிகள் அதைப் பார்த்துக்கொள்ளும்.

வயதானவர்களுக்கு மட்டும் இதில் சலுகை குறைவு. 1997-இல் ஸ்வீடனில் லுண்டின்-ஓல்சன் குழு, இல்லங்களில் வசிக்கும் 58 முதியவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தது. பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். அவர்களுடைய நடை ஏற்கெனவே தானியங்கித் தன்மையை இழந்து, புறணியின் கவனத்தை வாடகைக்கு எடுத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு அதைப் பறித்ததும் இரண்டில் ஒன்று நிற்க வேண்டியதாயிற்று. தாத்தாவையோ பாட்டியையோ கையைப் பிடித்து மார்க்கெட் தெரு நடைபாதையில் அழைத்துப் போகும்போது, படி வரும் இடத்தில் கதை கேட்காமல் இருப்பது நல்லது. இறங்கிய பிறகு கேட்கலாம்.

பாங்காக் ஆய்வில் இன்னும் பிரித்தறியாத ஒன்று இருக்கிறது. சர்க்கரையையும் கார்ட்டிசாலையும் இறக்கியது பாதத்தில் வைத்த கவனமா, அடிக்கு ஓர் அசையாக உச்சரித்த தாளமா, அல்லது அந்தப் பெயரின்மேல் இருந்த பக்தியா? மூன்றும் ஒன்றாகக் கலந்தே கொடுக்கப்பட்டன. 'ஒன்று, இரண்டு' என்று வெறுமனே எண்ணி நடக்கும் ஒரு குழுவையும், ஒன்றும் சொல்லாமல் பாதத்தை மட்டும் கவனிக்கும் ஒரு குழுவையும் சேர்த்தால் விடை கிடைத்துவிடும். பினாங்கில் இதற்கு ஆள் சேர்ப்பது கடினமில்லை. தைப்பூசத்துக்கு முந்திய விரத வாரங்களில், 'வேல் வேல்' என்று அடிக்கு ஒன்றாகச் சொல்லியபடி தண்ணீர்மலைப் படிகளில் ஏறிப் பழகுபவர்களுக்குக் குறைவில்லை. எச்பிஏ1சி அளக்கக் கொஞ்சம் இரத்தம் கொடுக்க அவர்களில் பலர் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன்.